வெங்காயம் புறப்படும் ஊர்

மன்மாட் சந்திப்பிலிருந்து நாசிக் திசையில் செல்லும் வண்டியில் ஏறினால், சற்று நேரத்திற்கெல்லாம் லாசல்காவ் என்னும் சிறிய ஸ்டேஷன் வரும். விரைவு வண்டிகளில் பல அங்கே நிற்பதில்லை. மும்பைக்குப் போய்வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் அதனை உறக்கத்திலேயே கடந்திருப்பர். ஆனால் நம் வீட்டு அடுப்பங்கரைகள் அந்த ஊரை நன்றாக அறியும். ஆசியாவிலேயே பெரிய வெங்காயச் சந்தை என்று பெயர் பெற்றது அதுதான். 1947-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அந்த விற்பனைக் கூடத்தில் காலையில் என்ன விலை விழுந்தது என்று விசாரித்துக்கொண்டுதான் டில்லி வியாபாரியும் நமது கோயம்பேட்டு வியாபாரியும் தங்கள் கடையைத் திறக்கிறார்கள்.

ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாகிய எனக்கு வெங்காயம் என்பது வேகன் எண்ணும் மூட்டைக் கணக்குமாகவே பல ஆண்டுகளாகப் பழக்கம். அதன் ஊரையும் மனிதர்களையும் நேரில் காணும் வாய்ப்பு நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் பெண்ணால் கிடைத்தது. புனேயில் பத்திரிகைப் புகைப்படக் கலை பயில்பவள் அவள். ஒரு வேளை உணவு எங்கெங்கிருந்து வருகிறது என்பதைப் படங்களாலேயே சொல்ல வேண்டும் என்பது இறுதி ஆண்டில் அவர்களுக்கு இட்ட வேலை. உடன் படிப்பவர்கள் வடாபாவ், பால், மீன் என்று எடுத்துக்கொள்ள, இவள் தன் தாயார் வைக்கும் சாம்பாரை எடுத்துக்கொண்டாள்.

சாம்பாரின் ஊரைத் தேடப் புகுந்தால் அது லேசில் முடிகிற காரியமாயில்லை. துவரம்பருப்பு கலபுரகியிலிருந்தும் லாத்தூரிலிருந்தும் வருகிறது. மஞ்சள் சாங்கிலியினுடையது, ஈரோட்டுக்காரர்கள் என்னை மன்னிக்க. பெருங்காயத்தின் கதை இன்னும் வேடிக்கை. நாம் அதனை நம் பாட்டிமாரின் சொத்தாக எண்ணியிருக்கிறோம். அதன் பிசினோ ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் இறக்குமதியாகி, உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் போன்ற ஊர்களில் மாவு கலந்து கூட்டுப் பெருங்காயமாகிறது. 2020 அக்டோபரில்தான் இமயமலைச் சாரலிலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கில் அதனைப் பயிரிடும் முயற்சி தொடங்கிற்று. “இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தது வெங்காயத்தைப் படம் பிடிக்கவா?” என்று அவள் தகப்பனார், ஓய்வு பெற்ற கார்டு, என்னிடம் வருந்தினார். ஆயினும் என் வார ஓய்வு நாளன்று அவளை அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டவரும் அவரே.

சென்ற ஏப்ரல் மாதக் கடைசியில் நாங்கள் சென்றோம். அது உன்ஹாள் காந்தா, அதாவது கோடை வெங்காயம் வந்து குவியும் காலம். காந்தா என்றால் மராத்தியில் வெங்காயம். இப்பகுதியில் ஆண்டுக்கு மூன்று போகம் உண்டு. மழைக்காலத்தில் நட்டு ஐப்பசி கார்த்திகையில் எடுக்கும் சிவப்பு வெங்காயம் நீர்ச்சத்து மிகுந்தது. சில வாரங்களுக்கு மேல் தாங்காது. தைக்குப் பின் வருவதை ராங்டா என்பர். மார்கழி, தையில் நட்டுப் பங்குனி சித்திரையில் எடுக்கும் கோடை வெங்காயம் ஒன்றே பல மாதம் இருக்கக்கூடியது. புரட்டாசி வரை நாடு முழுவதும் உண்பது பெரும்பாலும் இதனைத்தான். அடுத்த பயிர் வருவதற்கு முன் இருப்புக் குறையும் போதுதான் விலை ஏறி, மந்திரிகளின் தூக்கம் கெடுகிறது. 1998-இல் டில்லியில் நடந்த சட்டசபைத் தேர்தலில் ஆளும் கட்சி தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வார்கள்.

சந்தை மைதானத்தில் டிராக்டர்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு டிராக்டருக்கும் பின்னால் ஒரு தொட்டி நிறைய வெங்காயம். ஏலக்காரர் முன்னே நடக்க, வியாபாரிகள் கூட்டமாகப் பின்தொடர்கிறார்கள். ஒருவர் ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்க்கிறார். மற்றொருவர் தோலை உரிக்கிறார். குவிண்டாலுக்கு இன்ன விலை என்று ஏலக்குரல் எழுந்து, நான் ஒரு ரசீது எழுதும் நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. விவசாயி தன் தொட்டியின் மேல் நின்றுகொண்டு அதனைக் கேட்கிறான். நான்கு மாத உழைப்பின் விலையைக் கேட்டு அவன் முகம் மாறுமோ என்று நான் பார்த்தேன். மாறவில்லை, அவர்களுக்குப் பழகிவிட்டது போலும்.

ஏலம் முடிந்தபின் டிராக்டர் வியாபாரியின் களத்துக்குப் போகிறது. மராத்தியில் அதனை ‘களே’ என்கிறார்கள். நம் சொல்லைக் கேட்பது போலவே இருந்தது. அங்கே பெண்கள் தரையில் அமர்ந்து அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள். எல்லாவற்றிலும் சிறிய காய்க்கு கோல்ட்டி என்று பெயர். புதிதாக இப்பக்கம் மாற்றலாகி வரும் நம் குடும்பத்தினர் அதைக் கண்டதும் சின்ன வெங்காயம் என்று மகிழ்ந்து வாங்கிப் போவதுண்டு. அது சின்ன வெங்காயம் அன்று. வளராமற்போன பெரிய வெங்காயமேயாம். பெரம்பலூர்ப் பக்கத்தில் காயையே நட்டுக் கொத்துக் கொத்தாக எடுக்கிறார்களே, அந்த மணமும் காரமும் இதில் வாரா.

களத்தின் வாயிலில்தான் அந்த விவசாயியைச் சந்தித்தோம். ஐம்பது வயதிருக்கும், தலையில் வெள்ளைத் தொப்பி. ஏற்றுக்கூலி, நிறுவைக்கூலி போகத் தமக்கு வந்த தொகையைக் காட்டும் சீட்டைக் கையில் வைத்திருந்தார். அதனைப் பார்த்த பெண்ணின் கண்கள் ஒளி பெற்றன. சீட்டும் முகமும் சேர்ந்த படம் ஒன்றே போதும், மற்ற எதுவும் வேண்டாம் என்று அவள் ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தாராம். நல்ல மராத்தியில் பணிவாக அனுமதி கேட்டாள்.

“தாயி, என் முகத்தை எடுத்துக்கொள், வெங்காயத்தை எடுத்துக்கொள். இந்தக் காகிதத்தை மட்டும் எடுக்காதே. என் பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் பத்திரிகை படிக்கிற வீட்டார்” என்றார் அவர்.

தாயி என்பது இங்கே அக்காள் என்று பொருள்படும். மரியாதைக்காக இளம் பெண்களையும் அப்படி அழைப்பர். முகத்தை விட்டுக் கையையும் சீட்டையும் மட்டும் எடுக்கலாமே என்று நான் தமிழில் சொன்னேன். “வேண்டாம் மாமா. அவர் சொன்னது முகத்தை அல்ல, காகிதத்தைத்தானே” என்று அவள் காமிராவை மூடிவிட்டாள். அந்தப் படம் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தத் தொகையை இங்கே எழுதுவதும் முறையன்று. ஆனால் 2018-ஆம் ஆண்டில் இதே நிபாட் வட்டத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர் செய்தது ஊரறிந்த செய்தி. 750 கிலோ வெங்காயம் விற்று அவருக்கு வந்தது 1,064 ரூபாய்; கிலோவுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. அதனை அப்படியே மணியார்டர் செய்து பிரதம மந்திரிக்கு அனுப்பிவிட்டார். விலை இறங்கினால் நிலை இது. ஏறினாலோ, ஏற்றுமதிக்குத் தடை வரும். 2023 ஆகஸ்டில் நூற்றுக்கு நாற்பது ஏற்றுமதி வரி விதித்தார்கள். வியாபாரிகள் ஏலத்தையே நிறுத்தினர். டிசம்பரில் ஏற்றுமதியே கூடாதென்றனர். 2024 மே மாதம் தடையை நீக்கி, செப்டம்பரில் வரியைப் பாதியாக்கி, 2025 ஏப்ரல் முதல் தேதியில்தான் அதனை முற்றும் எடுத்தார்கள். விலை ஏறும்போது நம் வீடுகளில் எழும் கூக்குரல் டில்லி வரை கேட்கிறது. இறங்கும்போது இவர்கள் போடும் கூக்குரல் மன்மாட் வரைகூட வருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

படம் எடுக்க விடாத அந்தப் பெரியவரே, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்களைக் காலித் தொட்டியில் ஏற்றிக்கொண்டார். அவர் வயலோரத்தில் ‘காந்தா சாள்’ இருந்தது. நீண்ட கொட்டகை, அடியிலும் பக்கங்களிலும் காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு அடைத்திருக்கிறார்கள். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மீதிப் பயிரை அதில் கொட்டி வைத்திருந்தார். முளைத்தும் அழுகியும் எடை குறைந்தும் இதில் நாலில் ஒரு பங்குக்கு மேலேயே வீணாகிவிடும் என்றார். முளைக்காதிருக்கக் காமா கதிர் பாய்ச்சும் அணுசக்தித் துறையின் நிலையம் ஒன்று 2002 முதல் லாசல்காவிலேயே இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவுக்குப் போன நம் மாம்பழங்களும் அதன் வழியாகவே சென்றன. அது இருக்கும் ஊரிலேயே பெரும்பாலான விவசாயிகள் நம்பியிருப்பது இந்தக் கொட்டகையையும் காற்றையுந்தான்.

அவர் மனைவி சோள பாக்ரியும், பிட்லாவும், இடித்த மிளகாயும் பரிமாறினார். பெரியவர் ஒரு வெங்காயத்தைத் தரையில் வைத்து முஷ்டியால் ஒரே குத்தாகக் குத்தி உடைத்து என் தட்டில் போட்டார். கத்தியால் அரிந்தால் ருசி போய்விடுமாம். அந்தக் கையை அவள் படம் எடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது வெங்காயத்தையும் குத்திக் காட்டினார்.

“இது எங்கே போகிறது, பாவு? நீர் ரயில்காரர், உமக்குத் தெரியுமே” என்று என்னைக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். 2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி தேவ்ளாலியிலிருந்து பீகாரத்துத் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் புறப்பட்டதையும், 2024 அக்டோபரில் தீபாவளியை முன்னிட்டு அரசாங்க இருப்பிலிருந்து 1,600 டன் வெங்காயம் டில்லிக்கும் 840 டன் சென்னைக்கும் ரயிலேறியதையும் சொன்னேன். சென்னையில் அதனை என்ன செய்வார்கள் என்றார். சாம்பாரைப் பற்றி அந்தப் பெண் விளக்கினாள். பருப்பில் வெங்காயத்தை முழுதாகப் போட்டு வேக வைப்பதை அம்மையாரால் நம்ப முடியவில்லை.

படங்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். வெங்காயம் முடிந்து இப்போது துவரம்பருப்புக்காகக் கலபுரகி செல்ல வேண்டும். அங்கே நம்மவர் குடும்பம் ஏதேனும் இருந்து, நான்கு நாள் அவள் தங்குவதற்கு இடம் தர இயலுமானால், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.