ஏழையின் பானையில் பிறந்த சூப்

சூப் என்றதும் நோயாளிக்குக் கொடுக்கும் உணவு என்றோ விருந்தில் முதலில் பரிமாறும் பண்டம் என்றோதான் எம்மவரில் பலர் எண்ணுகின்றனர். ஐரோப்பாவிலோ அது பல நூற்றாண்டுகளாக ஏழைக் குடியானவனின் முழு உணவாக இருந்து வந்தது. தானியம், பருப்பு, கிழங்கு, கீரை என அன்று கிடைத்ததைப் பானையிலிட்டு நெடுநேரம் வேகவைத்து, காய்ந்த பாணை அதில் ஊறவைத்து உண்டார்கள். பானையில் வெந்தது என்பதாலேயே பிரெஞ்சு மொழியில் அதற்குப் 'பொட்டாஜ்' என்று பெயர். சூப் என்ற சொல்லும் ஆதியில் சாற்றில் ஊறிய பாண் துண்டையே குறித்தது. எமது மொழியில் சொல்வதானால் அது கூழ். விவிலியத்தில் ஏசா தனது தலைமகன் உரிமையைத் தம்பி யாக்கோபுக்கு விற்றதும் சிவந்த பயற்றங்கூழுக்காகவே.

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று, மனைவியும் மறைந்த பின்னரே நான் குசினிக்குள் முறையாக நுழைந்தேன். ஒருவருக்காகச் சோறும் மூன்று கறியும் சமைப்பது வீண் உழைப்பாகத் தோன்றும். நாளடைவில் பாணும் தேநீருமே உணவாகிவிடும். தனியே வாழும் முதியவர் பலர் இப்படித்தான் உடல் தளர்ந்து போகின்றனர். எனக்கு இந்தப் பழைய சூப் வகைகள் கைகொடுத்தன. ஒரு பானை, ஓர் அடுப்பு, இரண்டு நாட்களுக்குப் போதுமான உணவு.

இரவுப் பணியில் ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில் என்னை முதலில் ஈர்த்தது பாரிஸ் நகரத்து வெங்காய சூப். லே ஆல் என்ற மத்திய சந்தையின் சுமைதூக்கும் தொழிலாளர்கள் விடியற்காலையில் விரும்பிக் குடித்தது அது. 1969 இல் அந்தச் சந்தை நகருக்கு வெளியே ருஞ்சிஸ் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டது. சூப் மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு கிலோ பம்பாய் வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, 50 கிராம் பட்டரில், மிகக் குறைந்த தணலில் முக்கால் மணி நேரமாவது வதக்க வேண்டும். தேன் நிறம் வரும்வரை பொறுமை அவசியம். அவசரப்பட்டுத் தணலைக் கூட்டினால் வெங்காயம் கருகிக் கசக்கும். பின்னர் ஒன்றரை லீற்றர் இறைச்சிச் சாறு ஊற்றி அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, வாட்டிய பாண் துண்டையும் துருவிய சீஸையும் மேலே இட்டால் போதும்.

அதைவிட எளியது உருளைக்கிழங்கும் லீக்ஸும் சேர்ந்த பொட்டாஜ். இது பார்மாந்தியே (1737–1813) என்ற பிரெஞ்சு மருந்தியலாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1756 முதல் 1763 வரை நடைபெற்ற ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்ட அவருக்குக் கொடுக்கப்பட்ட உணவு உருளைக்கிழங்கு. அன்றைய பிரான்சில் அது பன்றிகளுக்கான தீனி. தொழுநோயை உண்டாக்கும் என்ற அச்சமும் நிலவியது. சிறையில் அதையே உண்டும் நலமாக வெளியே வந்த அவர், அது பஞ்சம் தீர்க்கும் பயிர் என்று தமது நாட்டாரை நம்பவைக்க நெடுங்காலம் போராடினார். பாரிஸில் உள்ள அவரது கல்லறையில் இன்றும் மக்கள் பூக்களோடு உருளைக்கிழங்கையும் வைத்துச் செல்கின்றனர்.

நுவரெலியா லீக்ஸ் அரைக் கிலோ, உருளைக்கிழங்கு அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லீற்றர், தேவையான உப்பு. லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள். வெள்ளைப் பகுதியே சூப்புக்குச் சிறந்தது. முக்கால் மணி நேரம் வேகவைத்து, மத்தினால் கடைந்து, இறக்கியபின் ஒரு கரண்டி பட்டர் சேருங்கள். வேறெதுவும் வேண்டாம்.

போர்த்துக்கலின் வடபகுதியான மினோவில் பிறந்த 'கால்டோ வேர்டி', அதாவது பச்சைச் சாறு, எமக்குத் தூரத்து உறவு. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களே பாண், குசினி, கோவா என்பன. அவர்களது 'கோவ்' இலைதான் இந்தச் சூப்பின் உயிர். உருளைக்கிழங்கை வெங்காயம், உள்ளியுடன் அவித்து மசித்து, அந்தக் கொதிநீரில் இலையைச் சேர்ப்பார்கள். கீரை வறைக்கு அரிவதைவிடவும் மெல்லியதாக, மயிரிழைபோல் அரிய வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறக்கி ஒலிவ் எண்ணெய் விடவேண்டும். எமது கோவாவின் கரும்பச்சை வெளியிலைகள் இதற்குப் பொருந்துகின்றன.

சூப்பின் வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் உண்டு. அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது, 1847 இல், இலண்டனின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் அலெக்சிஸ் சோயர் டப்ளினில் சூப் கூடம் அமைத்தார். மணியடித்ததும் நூறு பேர் உள்ளே வருவர். சங்கிலியில் பிணைத்த கரண்டியால் விரைந்து உண்பர். அடுத்த மணிக்கு வெளியேறுவர். திறப்பு நாளில் கனவான்களும் சீமாட்டிகளும் பணம் கொடுத்து அதனை வேடிக்கை பார்த்தனர். பலரின் பசியைப் போக்கிய முயற்சி அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், 1995 இடப்பெயர்வில் கஞ்சி வரிசையில் பாத்திரத்துடன் நின்றவன் என்பதால், அந்தச் சங்கிலியைப் பற்றி வாசித்தபோது என் கை தானாக நின்றுவிட்டது. எனக்குக் கஞ்சி வார்த்த முதியவள் என் முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் விடட்டோ தம்பி?" என்று கேட்டாள். உண்டவனை மனிதனாக வைத்திருப்பது அந்தக் கேள்விதான்.

2022 ஜூலையில், போர் நடந்துகொண்டிருக்கையில், உக்ரேனின் போர்ஷ் சூப் சமைக்கும் மரபை, உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. வீடும் தோட்டமும் இழந்தவர்கள் பீட்ரூட் சூப்பைத் தம் அடையாளமாகப் பற்றிக்கொள்வதை எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 இன் நினைவாக மே மாதந்தோறும் உப்புக் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்துண்பவர்கள் அல்லவா நாம்! போர்ஷ் செய்வோர் ஒன்றை நினைவில் கொள்க: பீட்ரூட்டை வதக்கும்போதே சிறிது வினாகிரி விட்டால்தான் அதன் செந்நிறம் மங்காது.

தனியே வாழும் நண்பர்களே, இந்த வாரம் இவற்றில் ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் தேவைக்கு மேலாக ஒரு கிண்ணம் சமையுங்கள். அயலிலும் ஒருவர் பாணும் தேநீருமாக இருக்கக்கூடும்.