பதினான்கு கோப்பைகள்

மதுவைத் தொட்டறியாத நான் ஒரு வாரமாக உல்லாசக் கப்பல்களின் மதுவிலைப் பட்டியல்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி மறைந்தபின் முதன்முறையாக அண்ணன் வெளியே புறப்படச் சம்மதித்திருக்கிறார். மயாமியிலிருந்து ஏழு இரவுகள், கரீபியன் கடலில். ஒரே அறையில் நாங்கள் இருவரும். இரவு உணவோடு இரண்டு கோப்பை வைன் அருந்துவது அவருக்கும் அண்ணிக்கும் நெடுநாள் வழக்கம். அதை அவர் இன்னும் விடவில்லை.

பட்டியலில் காணும் விலை நாம் கொடுக்கும் விலையன்று. 12 டாலர் கோப்பை, ராயல் கரீபியனில் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் ஏறி 14.16 டாலராகிறது, நார்வீஜியனில் 20 விழுக்காடு. கார்னிவலின் 'சியர்ஸ்' தொகுப்பை வாங்கினால் 24 மணி நேரத்தில் 15 மதுபானங்கள் வரை அருந்தலாம். ஆனால் ஒருவர் வாங்கினால் அதே அறையில் தங்கும் 21 வயது நிரம்பிய மற்றவரும் வாங்கியாக வேண்டும். இரண்டு கோப்பைக்காரர் ஒருவருக்காக முப்பதுக்குரிய விலை! (விதியை வகுத்தவர் பங்கிட்டுக் குடிக்கும் மனித இயல்பை நன்கறிந்தவர்.)

அதே கார்னிவல், கப்பலேறும் நாளில் ஆளுக்கு 750 மில்லி வைன் புட்டி ஒன்றை உடன் கொண்டுவர அனுமதிக்கிறது. உணவகத்தில் அருந்தினால் புட்டிக்கு 15 டாலர். அறையில் அருந்தினால் கட்டணமில்லை. குடிக்காதவனுக்கும் அந்த உரிமை உண்டு. ஒரு புட்டிக்கு ஐந்து கோப்பை; என் பங்கையும் சேர்த்தால் பத்து. மீதி நான்கைக் கப்பலில் வாங்கிக்கொள்ளலாம்.

அண்ணிக்குப் பிடித்த வைன் எதுவென்று மட்டும் அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை.