வீலன் நின்ற இடம்

லிவர்பூல் கால்பந்து அணியின் எண்பதுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் டால்கிளிஷ், ரஷ், சூனஸ், பார்ன்ஸ் என்று பெயர்கள் மளமளவென்று வரும். ரோனி வீலன் பெயர் சற்று யோசித்த பிறகுதான் வரும். ஆறு லீக் பட்டங்களும் 1984 ஐரோப்பியக் கோப்பையும் வென்ற ஒருவருக்கு இது நியாயமே இல்லை.

டப்ளின்காரர். அப்பாவும் அயர்லாந்துக்காக ஆடியவர். ஹோம் ஃபார்ம் கிளப்பிலிருந்து 1979இல் லிவர்பூலுக்கு வந்து, ரே கென்னடி ஆடிய இடதுபக்க இடத்தைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் கோல் அடிக்கிற ஆள். 1982 லீக் கோப்பை இறுதியில் டாட்டன்ஹாமுக்கு எதிராக இரண்டு கோல். அடுத்த ஆண்டு இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சாய்த்த வளைவான கோலும் அவருடையதுதான்.

பிறகு நடுக்களத்தின் மையத்துக்கு மாறினார். கோல்கள் குறைந்தன, அவரைப் பற்றிய பேச்சும் குறைந்தது. அவருடைய சிறந்த ஆட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பேன். பழைய ஆட்டப் பதிவுகளில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். பந்து வருமுன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் தட்டிவிட்டு, எதிரணி நுழையக்கூடிய இடைவெளியில் போய் நின்றுகொள்வார். பார்ன்ஸும் ஹௌட்டனும் முதுகுப்பக்கக் கவலையின்றி முன்னே பாய்ந்தார்கள் என்றால், வீலன் அங்கே நின்றதும் ஒரு காரணம்.

அயர்லாந்து அணியில் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டனின் வழியே வேறு. லிவர்பூலில் தரையோடு பந்தை நகர்த்திப் பழகியவர், இங்கே தலைக்கு மேல் பறக்கும் நீண்ட பந்துகளைத் துரத்த வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுத்தார், எந்த இடத்திலும் ஆடக்கூடியவர் என்று புகழப்படும் பலரால் இது முடியாது. 1988 ஐரோப்பியப் போட்டியில், லியாம் பிரேடி இல்லாத நடுக்களத்தை அவர்தான் தாங்கினார். ஹனோவரில் சோவியத் யூனியனுக்கு எதிரான ஆட்டம். மிக் மெக்கார்த்தி பக்கக்கோட்டிலிருந்து நீளமாக எறிந்த பந்து இறங்கி வருகிறது. வீலன் தரையை விட்டு எழும்பி, உடலைச் சாய்த்து, கத்தரிபோல் கால் வீசுகிறார். தசாயேவ் போன்ற கோல்கீப்பராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆட்டம் 1-1 என முடிந்தது. அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவிருப்பது இந்த ஒரு கோல்தான்.

ஆலன் ஹான்சன் காயத்தில் இருந்ததால் 1988-89 பருவத்தில் லிவர்பூலின் கேப்டன் பொறுப்பு வீலனிடம் வந்தது. அந்த ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். அதில் 97 ரசிகர்கள் பலியானார்கள். ஆட்டக்காரர்கள் ஒரு சவ அடக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்த வாரங்கள் அவை. மே 20 அன்று வெம்ப்லியில் எவர்ட்டனை 3-2 என வென்று எஃப்.ஏ. கோப்பையை வாங்கியவர் அவர். நிதானமான ஒருவர் அந்த நேரத்தில் அணியின் முன்னால் நின்றது நல்லதாயிற்று.

அடுத்த ஆண்டு இத்தாலி உலகக் கோப்பைக்கு முன் அவருக்குக் காலில் காயம். அயர்லாந்து காலிறுதி வரை போனது. வீலன் களமிறங்கியதோ நெதர்லாந்துக்கு எதிராக, அதுவும் மாற்று ஆட்டக்காரராக, ஒரே ஒருமுறை. அவரை இன்னும் கொஞ்சம் ஆடவிட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.