புடைப்பெழுத்து

கடாரத்துத் தோட்டப்புறங்களில் பால்மரங்களைக் கடந்து கோவிலை நெருங்குவோரைப் பெரும்பாலும் முதலில் வரவேற்பவை நுழைவாயில் வளைவின் சிமெந்து எழுத்துகளே. கொத்தனார் சுவரில் கோடிட்டு, குழைத்த சாந்தை அப்பி, ஈரம் உலருமுன் கரண்டி முனையால் ஓரங்களைச் சரிவாகச் சீவிவிடுவார். சரிவு அழகுக்காக மட்டுமன்று. மழைநீர் தங்காது, விளிம்பும் எளிதில் உடையாது. காலை வெயிலில் எழுத்தின் ஒரு பக்கம் மின்னும். மறுபக்கம் நிழலில் ஆழும்.

சுங்கைப்பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவ்வாறு இடம்பெயர்ந்த முத்துமாரியம்மன் கோவிலொன்றின் பழைய வளைவு இடிபட்டபோது, பெயரும் சாந்தோடு உதிர்ந்தது. புதிய இடத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டி நிருவாகத்தினர் நாடியது பட்டணத்தில் பலகை எழுதும் முதியவர் ஒருவரை. ‘பழைய எழுத்தைப் போலவே புடைத்து நிற்கவேண்டும்’ என்பது ஒன்றே அவர்கள் கேட்டது.

இளமையில் தூரிகை பிடித்தவர் அவர். எழுத்தின் வலப்புறமும் அடிப்புறமும் கருநிழல் தீட்டித் தட்டைத் தகரத்தில் மேடு காட்டியவர். இன்று அவர் மேசைமீது கணினி இருக்கிறது. 1998-இல் வெளிவந்த போட்டோஷாப் ஐந்தாம் பதிப்பு முதல் அவ்வித்தை ஒரு கட்டளைக்குள் அடங்கிவிட்டது. ஒளியை நோக்கும் விளிம்பை மென்பொருள் வெளுப்பாக்கும். எதிர் விளிம்பைக் கருப்பாக்கும். மேடென்று நம்புவது கண்ணின் வேலை. ஒளி மேலிருந்தே வருமென்று கண் கொள்வதால், கோணத்தைக் கீழ்ப்புறம் திருப்பினால் அதே எழுத்து பள்ளமாகிவிடும்!

முதல் அச்சுப்படி வந்தது. உள்ளாட்சி விதிப்படி மலாய் வரி பெரிதாக மேலே. தமிழ் வரி சிறிதாகக் கீழே. மலாய் எழுத்துகள் கொத்தனார் செதுக்கியவை போலவே நின்றன. தமிழ் வரியிலோ ‘ன’கரத்தின் சுழி அடைபட்டிருந்தது; புள்ளிகள் நான்கும் காணப்படவில்லை.

மலாய் வரிக்கு வைத்த அளவுகளைத் தமிழ் வரிக்கும் அப்படியே படியெடுத்ததன் விளைவு அது. சரிவின் அகலம் நிலையானது. எழுத்து சிறுத்தாலும் தான் சிறுப்பதில்லை. அதிலும் அவர் தேர்ந்தது வெளிப்புறச் சரிவு. ரோமன் எழுத்தின் அகன்ற வயிறு அதைத் தாங்கிற்று. தமிழில், புள்ளிக்கும் அதன்கீழ் எழுத்துக்கும் இடையேயுள்ள சிறு வெளியை இரு புறத்துச் சரிவுகளும் கூடித் தின்றுவிட்டன.

“புள்ளி இல்லாவிட்டால் என்ன ஐயா? அம்மன் பெயர் நமக்குத் தெரியாதா?” என்றார் நிருவாகத்தாருள் ஒருவர்.

அவர் கூற்றிலும் நியாயமில்லாமலில்லை. ஓலையில் புள்ளியிடாது எழுதிய காலமுண்டு. குத்தினால் ஓலை கிழியும் என்பர். கற்றோர் இடமறிந்து மெய்யை உணர்ந்து படித்தனர்.

“நமக்குத் தெரியும் தம்பி. தோட்டத்தையே பார்த்திராத பேரப்பிள்ளைகள் எதைக்கொண்டு தெரிந்துகொள்வர்?” என்றார் முதியவர்.

அன்றிரவே சரிவை உட்புறமாக மாற்றி, அகலத்தை மூன்றிலொன்றாகக் குறைத்தார். சுழிகள் திறந்தன. புள்ளிகள் மட்டும் இன்னும் கொப்புளங்களைப் போலத் தெரிந்தன. அவற்றைத் தனியே பிரித்து, சற்றே பெரிதாக்கி, மேலே தள்ளிவைத்தார்.

பலகை இப்போது வாயிலில் தொங்குகிறது. எழுத்தெல்லாம் புடைத்து நிற்க, புள்ளிகள் நான்கும் நிழலற்ற வெள்ளை வட்டங்களாகத் தட்டையாகவே இருக்கின்றன.