சோளகம் வருமுன்

2022ஆம் ஆண்டுச் சித்திரையில் ஒருநாள் விடியுமுன், எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாய் கட்டிய படகொன்றில் நாம் பயணஞ் செய்ய நேர்ந்தது. மின்சாரமும் எரிபொருளும் அருகிப்போன காலம் அது. பயணிகள் படகு ஓடவில்லை. எமக்கோ யாழ்ப்பாணத்தில் தள்ளிப்போட முடியாத அலுவல். மீன் கொண்டுபோகும் தொழிலாளி ஒருவர், வயது அறுபதுக்கு மேலிருக்கும், எம்மையும் ஏற்றிக்கொள்ள இசைந்தார்.

அது பாய்க்கென அமைந்த படகன்று. கண்ணாடியிழையாற் செய்து, பின்னால் இயந்திரம் பூட்டி ஓட்டுவது. மண்ணெண்ணெய் கிடையாமையால் இயந்திரத்தைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, மூங்கிலொன்றை நட்டு, நீலப் படங்கு ஒன்றைப் பாயாக்கியிருந்தார். சிறுவயதில் தகப்பனாரின் மரவள்ளத்தில் பாய் பிடித்துப் பழகிய கை அவருடையது. ஆனால் இந்தப் படகு அந்தக் கைக்கு அடங்கவில்லை. காற்றுச் சற்றே வீசினாலும் பக்கவாட்டில் வழுக்கியது.

வாடை ஓய்ந்து சோளகம் எடுக்காத இடைக்காலம். பரவைக் கடலில் மரக்கோல் ஊன்றிச் சிறிது தூரம் வந்தோம். கோல் நிலத்தில் முட்டாத ஆழம் வந்ததும் படகு நின்றுவிட்டது. படங்கு துவண்டு மூங்கிலோடு ஒட்டிக் கிடந்தது. கிழக்கு வெளுத்தது. அனலைதீவுப் பனைகள் நீருக்கு மேலே கோடாய்த் தெரிந்தன. மறுபக்கம், தொலைவில், ஒல்லாந்தர் விட்டுப்போன கடற்கோட்டை. அலையில்லை, ஓசையில்லை. படித்தவர்க்கே உரிய அசட்டுத்தனத்தோடு, “இப்படியே கிடந்தாலும் நல்லாய்த்தான் இருக்கும், அண்ணை” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டோம்.

“காத்து வரும் மாஸ்ரர், வராமல் எங்கை போகப்போகுது? ஐஸ்தான் நில்லாது” என்றார் அவர்.

அப்பொழுதுதான் மீன்பெட்டியைக் கவனித்தோம். அதன் அடியிலிருந்து நீர் கசிந்து எமது காலடியில் தேங்கியிருந்தது. மின்வெட்டினால் ஐஸும் அரிதாகிவிட்டது. அவருக்குக் கிடைத்தது அரைக்கட்டி. எட்டு மணிக்குத் துறையிலிருந்து மீன் வாகனம் புறப்பட்டுவிடும். அவர் தண்டெடுத்து வலிக்கத் தொடங்கினார். நாமும் ஒன்றை வாங்கி வலித்தோம். எமது கைகள் கொப்புளித்தனவேயன்றிப் படகுக்குப் பெரும் பயன் விளையவில்லை. எமது உடற்பாரம் இல்லாதிருந்தால் அவர் இன்னும் விரைந்து போயிருப்பார் என்ற எண்ணம் வேறு உறுத்திற்று.

கரிகாலனின் முன்னோன் காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்தினான் என வெண்ணிக்குயத்தியார் பாடியதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறோம். அந்தக் கலத்திற் பாய்க்கயிறு இழுத்தவன் யார் என எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்கும்படி நாம் கற்பித்ததுமில்லை. பழங்காலம் போகட்டும். வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். அவ்வூர் மாலுமிகள் அதனைச் செலுத்தி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தனர். கப்பலுக்கு இட்ட புதுப்பெயரோ, வாங்கியவரின் மனைவி பெயர்!

வசதியுள்ளவன் காற்றுக்குக் காத்திருந்தால் அது உல்லாசப் பயணம். இவர் காத்திருந்தால் மீன் அழுகும். அன்று லீற்றர் 87 ரூபாவென்று விலை குறித்தும் கிடையாதிருந்த மண்ணெண்ணெய், அதே ஆண்டு ஆவணியில் 340 ரூபாவாயிற்று. வரிசை குறைந்தது, வாங்க வல்லார் குறைந்தமையும் அதற்கொரு காரணம்.

ஒன்பது மணியளவில் படங்கு மெல்லப் புடைத்தது. ஊர்காவற்றுறையை அடைந்தபோது பத்தரை. மீன் வாகனம் போய்விட்டிருந்தது. சைக்கிள் வியாபாரி ஒருவர் செவிளைத் தூக்கிப் பார்த்து, பாதி விலையும் தேறாத ஒரு தொகையைச் சொன்னார். பேரம் பேச நேரமில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நாம் கொடுத்த படகுக்கூலி அந்த மீன்காசிலும் அதிகம். அதை வாங்கும்போது அவர் எமது முகத்தைப் பார்க்கவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அணியத்திலிருந்த வெற்றுக் கலனை எடுத்துக்கொண்டு மண்ணெண்ணெய் வரிசையை நோக்கி நடந்தார்.