உறையின்மேல் ஓர் உறை

நம் மாணவருட் பலர் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நாடோறும் இரயிலிற் சென்று வருவோர். வண்டிக்குக் காத்திருக்கும் வேளையிலேயே கைபேசியில் தேர்வுக்கட்டணம் செலுத்துவதும் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அவர்க்கு வழக்கமாயின. பொதுவிடத்து வைஃபையில் இவற்றைச் செய்தல் தகுமோ என்னும் ஐயமும், வி.பி.என். இன்றேல் பொருள் கள்வர் கைப்படும் என்று அச்சுறுத்தும் விளம்பரங்களும் அவரை அலைக்கழிக்கின்றன. சிற்றுண்டிக்கு வைத்த காசை மாதந்தோறும் இதற்கு ஈவாரையும் யாம் அறிவோம். ஆகலின் இதனைச் சிறிது ஆராய்தல் நலமாம்.

முன்னாளில் இணையத்தளங்களிற் பல தபால் கார்டை ஒத்தன. வழியில் அதனைக் கையில் எடுத்தார் யாவரும் படிக்கலாம். கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் பிறருடைய ஃபேஸ்புக் கணக்கினுட் புகுதல் எத்துணை எளிது என்பதை, 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபயர்ஷீப்’ என்னும் சிறு கருவி உலகறியக் காட்டிற்று. பின்னர்த் தளங்கள் ஒவ்வொன்றாய் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ முறையை மேற்கொண்டன. அம்முறையைக் கொள்ளாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றவை’ என்றே குறிக்கலாயிற்று.

இம்முறை ஒட்டிய உறையை ஒக்கும். கடவுச்சொல்லும் கணக்கு விவரமும் நாம் படிக்கும் பக்கமும் உள்ளே மறைந்துவிடும். மேலுள்ள விலாசம் மட்டும் மறைவதில்லை. எந்தத் தளத்திற்குச் செல்கின்றோம் என்பதை வைஃபை நடத்துவோர் பெரும்பாலும் அறியலாம்.

இனி, வி.பி.என். செய்வது யாது? அவ்வுறையை மற்றோர் உறையிலிட்டுத் தன் நிலையத்திற்குக் கொண்டுசெல்கின்றது. அங்கே வெளியுறை பிரிக்கப்பட, உள்ளுறை தன் விலாசத்தை நோக்கிச் செல்லும். உள்ளிருக்கும் கடிதம் முன்னரே மூடப்பட்டதாகலின், அதற்கு இதனால் வரும் காவல் சிறிதே. விலாசம் வைஃபை நடத்துவோர்க்கு மறைந்து, வி.பி.என். நடத்துவோர்க்குப் புலனாகின்றது. நம்பிக்கை இடம் மாறிற்றேயன்றி, நம்ப வேண்டிய தேவை நீங்கவில்லை.

அந்நம்பிக்கைக்கு அவர் உரியரோ? ‘ஒனாவோ’ என்னும் இலவச வி.பி.என். செயலியை உடைய நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கிற்று. பயனர் விவரங்களைக் காப்பதாகக் கூறிய அச்செயலி, அவற்றை ஃபேஸ்புக்கின் வணிக நலத்திற்கும் உதவிற்று. இதனைத் தெளிவுறச் சொல்லாமைக்காக, 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அதன் துணை நிறுவனங்கள் இரண்டிற்கும் மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. நம் நாட்டிலோ, வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்குமாறு வி.பி.என். நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் 28 அன்று ‘செர்ட்-இன்’ ஆணையிட்டது. அதனை ஏலாத சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன.

வி.பி.என். பயனற்றது என்பது எம் கருத்தன்று. செல்லும் தளத்தின் பெயரையே மறைக்க வேண்டுவார்க்கும், வெளியூரிலிருந்து தம் நிறுவனத்தின் உள்வலையை அடைவார்க்கும் அது வேண்டற்பாலது. ஆனால், வங்கியின் பெயரை ஒத்த போலித் தளத்திற்கு நாமே செல்வோமாயின், ஈருறையும் கடிதத்தைப் பத்திரமாகக் கள்வனிடமே சேர்க்கும். போலித் தளமும் எச்.டி.டி.பி.எஸ். பெறுதல் எளிது. ஆதலின், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாது முகவரியைத் தாமே எழுதுக, உலாவி எச்சரிக்கை காட்டின் அதனைக் கடந்து செல்லற்க, ஓ.டி.பி. எண்ணை எவர்க்கும் உரையற்க. இவற்றிற்கு மாதக்கட்டணம் யாதுமில்லை.