மஞ்சள் சாலையின் மைந்தர்கள்

அயர்லாந்தின் மேற்கே, ஷானன் ஆறு அகன்று கடல்நோக்கித் திரும்பும் இடத்தில் லிமெரிக் மாநகர் அமைந்துள்ளது. ஜான் மன்னரின் பெயர் தாங்கிய பழங்கோட்டையைக் காணவே பயணிகள் பெரும்பாலும் அங்குச் செல்கின்றனர். ஊராரின் உள்ளத்தை அறிய விரும்புவோரோ ரக்பி மைதானத்திற்குச் செல்லவேண்டும்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் ரக்பி. அணிக்குப் பதினைவர். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பின்வரும் தோழனுக்கே வழங்கவேண்டும். டப்ளினில் இது நெடுங்காலம் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டமாகவே இருந்தது. லிமெரிக்கிலோ துறைமுகத் தொழிலாளியும் மருத்துவரும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்றனர். கழகங்களும் பங்குகளையும் தெருக்களையும் ஒட்டியே வளர்ந்தன. 1884-இல் தோன்றிய காரியோவன் கழகத்தின் பெயருக்கு 'யோவானின் தோட்டம்' என்பது பொருள்.

அவற்றுள் நம் கவனத்தைக் கவர்வது 1895-இல் பிறந்த யங் மன்ஸ்டர் கழகம். அதன் தாயகமான போஹர்பூய் என்பதற்கு ஐரிஷ் மொழியில் மஞ்சள் சாலை என்று பொருள். உழைப்பாளிகளின் இக்கழகம் 1928-இல் டப்ளின் லான்ஸ்டவுன் அணியை வென்று பேட்மன் கோப்பையைக் கைப்பற்றியது. 1993-இல் அகில அயர்லாந்து லீக்கையும் வென்றது. 1950-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியுடன் நியூசிலாந்து சென்ற டாம் கிளிஃபர்ட் இக்கழகத்தவரே. மைதானம் இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

இளைஞரைச் சேர்ப்பது எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. ரக்பி ஆடுவோர் அயர்லாந்தின் மரபு விளையாட்டுச் சங்கத்தில் உறுப்பினராய் இருத்தல் கூடாது என்னும் தடை 1971 வரை நீடித்தது. ஹர்லிங் மட்டையா, ரக்பிப் பந்தா? இரண்டில் ஒன்றைச் சிறுவன் துறந்தே ஆகவேண்டும்! 1995-இல் ரக்பி ஊதியம் பெறும் தொழிலானதும் வேறொரு சோதனை வந்தது. திறமைமிக்க இளைஞர் மாகாண அணிக்குச் சென்றுவிட, உள்ளூர் ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் குறைந்தது.

ஆகவே கழகங்கள் மழலையரிடமிருந்தே தொடங்குகின்றன. ஆறேழு வயதினர் இடுப்புப் பட்டையில் நாடாக்களைத் தொங்கவிட்டு ஓடுவர். நாடாவை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. மோதலுக்கு இடமில்லை. பிந்தி வருவோர்க்கும் கதவு திறந்தே உள்ளது. நீச்சலில் ஈடுபட்டிருந்து பதின்பருவத்திலேயே ரக்பிக்கு வந்த பால் ஓ'கானல், யங் மன்ஸ்டரில் ஆடி, 2009-இல் லயன்ஸ் அணிக்கே தலைவரானார்.

பயிற்றுவிப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத பெற்றோரே. எனினும் 2016-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, காவல்துறையின் முன்விசாரணைக்குப் பின்னரே அவர்கள் சிறாரிடம் பழகலாம். அந்நாட்டுக் குழந்தைகள் பட்ட துயரங்களை அறிந்தோர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். தலையில் அடிபடுமோ என்னும் தாய்மாரின் அச்சமும் பொய்யன்று. 2023 முதல் கழக ஆட்டங்களில் நெஞ்செலும்புக்குக் கீழேதான் எதிராளியைத் தடுத்துப் பிடிக்கவேண்டும் என்று விதித்துள்ளனர். பழைய ஆட்டக்காரர் சிலர் முணுமுணுக்கலாம். பிள்ளையை மைதானத்திற்கு அனுப்புவதா என்று முடிவு செய்பவள் தாயல்லவா?